கிரையோ ஹோல்டர்: குளிர் சரி, கதிரடி?

நுண்படிகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, எலக்ட்ரான் சிதறலால் அதன் மூலக்கூறு வடிவத்தைக் கண்டறியும் முறை மைக்ரோஇடி. அந்த வேலைக்கு, மாதிரியைக் குளிராகவே பக்கவாட்டில் உள்ளே செலுத்தும் இந்தக் கிரையோ ஹோல்டர் தாராளமாகப் போதும். திரவ நைட்ரஜன் ஊற்றினால் முனை மைனஸ் 170 டிகிரிக்குக் கீழேயே நிற்கிறது. படிகத்தைச் சுற்றியுள்ள கண்ணாடிப் பனி (படிகமாகாமல் உறைந்த நீர்) மைனஸ் 137 வாக்கில் கெடத் தொடங்கும் என்பதால் இந்த இடைவெளி முக்கியம். குறை, நைட்ரஜன் கொதிக்கும்போது வரும் அதிர்வுதான். அது அடங்கும்வரை படம் எடுக்காதீர்கள். ஹோல்டரைக் காற்றுப் புகாமல் அடைக்கும் ஓ-ரிங் வளையத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் வெற்றிடம் போச்சு.

ஆனால் குளிர் தடுப்பது, கதிர் பட்டு உருவாகும் ராடிக்கல்கள் எனும் வினைத்துடிப்பான துண்டுகளின் ஓட்டத்தை மட்டுமே, எலக்ட்ரானின் முதல் அடியை அல்ல. 300 கிலோவோல்ட்டில் சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு ஒரு எலக்ட்ரான் என்றாலே ஏறத்தாழ 3.7 மெகாகிரே (உறிஞ்சப்படும் கதிர் டோஸின் அலகு). அது மூன்று எலக்ட்ரானை எட்டுவதற்குள் புரதத்தின் டைசல்பைடு (கந்தக-கந்தக) பிணைப்புகள் உடையத் தொடங்கிவிடும். சிதறல் படத்தில் முதலில் மங்குவது, நுண்விவரம் தரும் வெளிவட்டப் புள்ளிகள். சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு வினாடிக்கு 0.01 எலக்ட்ரான் வைத்து, படிகத்தைத் தொடர்ந்து சுழற்றியபடியே எடுங்கள். படிகத்தைத் தேடும்போது விழும் டோஸும் கணக்கில் சேரும், பலர் மறப்பது அதைத்தான்.