பழைய செய்தி தேட நூலகம் இணையத்தளம்: மட்டக்களப்பு, அம்பாறைப் பயனாளருக்கு எவ்வளவு உதவும்?

கிழக்கில் இருந்துகொண்டு பழைய பத்திரிகைச் செய்தி தேடுபவர் முதலில் போகவேண்டிய இடம் 'நூலகம்' என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகம்தான். 2005 இல் தொடங்கிய இந்தத் தளம் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல், இதழ், பத்திரிகை, பிரசுரம் எல்லாவற்றையும் இலவசமாக வாசிக்கத் தருகிறது. ஆனால் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். இது திகதியால் திறக்கும் களஞ்சியம். திகதி கையில் இருந்தால் சில நிமிடங்களில் பக்கம் கண்முன் வரும். இல்லாவிட்டால் அரைநாள் போனாலும் ஒன்றும் கிடைக்காது.

காரணம் எளியது. பழைய பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்ட பி.டி.எப். கோப்புகள். தேடல் பெட்டி அந்தப் படத்துக்குள் இருக்கும் எழுத்தை வாசிப்பதில்லை. தலைப்பையும் பட்டியல் விபரத்தையும் மட்டுமே பார்க்கும். அதனால் 'வாகரை வெள்ளம்' என்று அடிப்பதில் பயனில்லை. பத்திரிகையின் பெயர், பிறகு ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் இடையே புள்ளியிட்டு அடியுங்கள். அல்லது பத்திரிகையின் பெயரில் உள்ள பட்டியலுக்குப் போய் ஆண்டைத் தேடுங்கள். சஞ்சிகைகளின் நிலை வேறு. பலவற்றுக்கு உள்ளடக்கம் தட்டச்சிடப்பட்டிருப்பதால் கட்டுரைத் தலைப்பைச் சொல்லால் தேடலாம்.

ஆகவே திகதியை வெளியே பிடித்துக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். அதற்கு ஊர்ப் பொது நூலகமே போதும். 954.93 என்ற நூலக வகுப்பெண்ணுள்ள இலங்கை வரலாற்றுத் தட்டையும், உள்ளூர் ஆண்டு மலர்களையும், பாடசாலை மலர்களையும் புரட்டினால் பெரும்பாலான சம்பவங்களுக்கு மாதமாவது கிடைத்துவிடும்.

திகதி கிடைத்த பிறகும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: சம்பவம் நடந்த நாளின் பத்திரிகையைத் திறப்பது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அன்றைய வாரப் பத்திரிகைகள் முதல்நாளே அச்சாகிவிட்டன. அவற்றில் அலையைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. 27 இலிருந்து தொடங்கி, குறைந்தது இரண்டு வாரங்களுக்கு வந்த இதழ்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். முதல் நாட்களில் வரும் இறப்பு எண்ணிக்கை மாறிக்கொண்டே போகும். அதை இறுதிக் கணக்காக எடுத்து ஆய்வுக்கட்டுரையில் போடுவது பெரும்பிழை. 1978 சூறாவளி நவம்பர் 23 வியாழக்கிழமை இரவு மட்டக்களப்பைத் தாக்கியது. கம்பிகள் அறுந்து வீதிகள் அடைபட்ட ஊரிலிருந்து செய்தி போய்ச்சேர நாளெடுக்கும். அதனால் 24 ஆம் திகதி இதழோடு நிறுத்தாமல் ஒரு வாரத்துக்கு ஒவ்வொன்றாகப் பாருங்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அச்சான பத்திரிகைகளில் கிழக்குச் செய்தி பெரும்பாலும் உட்பக்கத்தில்தான் இருக்கும். முதற்பக்கத்தைப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று மூடிவிடாதீர்கள்.

ஊர்ப்பெயர் இன்னொரு சிக்கல். அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. 1956 ஜூன் கல்லோயாக் கலவரத்தைத் தேடுபவர் 'அம்பாறை மாவட்டம்' என்று தேடினால் கிடைக்காது. கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் செய்திகளும் அப்போது மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான். அம்பாறை, அம்பாரை என்ற இரண்டு எழுத்திலும், கல்லோயா, கல் ஓயா, பட்டிப்பளை என்ற மூன்று பெயரிலும் பார்க்க வேண்டும். பட்டிப்பளையில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அது கல்லோயா ஆற்றின் தமிழ்ப் பெயர். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிரதேச செயலகப் பிரிவும் அதே பெயரால்தான் அறியப்படுகிறது. எதைச் சொல்கிறார்கள் என்பதைச் செய்தியின் மற்ற ஊர்ப்பெயர்களை வைத்தே முடிவுசெய்யலாம்.

கணினியில் எழுத்தடுக்கி வந்த இதழ்களின் பி.டி.எப். இல் சொல்லைத் தேடினால் சில வேளை வராது. பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குழப்பமாக விழும். பாமினி போன்ற பழைய எழுத்துருதான் காரணம். எழுத்துரு மாற்றியில் போட்டால் யூனிகோட் தமிழ் கிடைக்கும். மாற்றியபின் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிடாமல் மேற்கோள் காட்டக்கூடாது. பத்திரிகைக் கோப்புகள் பாரமானவை என்பதால் கைத்தொலைபேசி டேட்டாவில் இறக்காமல் வைஃபை உள்ள இடத்தில் இறக்குவது நல்லது.

தளத்தின் பெரிய குறை இடைவெளிதான். தொடர்ச்சியாக வரும் நாட்கள் திடீரென அறுந்துவிடும், அதுவும் சரியாக வேண்டிய வாரத்தில். பத்திரிகைகளைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் கொடுத்ததுதான் அங்கே ஏறுகிறது. வீட்டுப் பரணில் பழைய கட்டுகள் வைத்திருப்பவர்கள் கறையான் அரிக்குமுன் ஆவணப்படுத்தக் கொடுத்தால் கிழக்கின் நினைவு அந்த அளவுக்காவது தப்பும். இல்லாத இதழுக்குப் பொது நூலகங்களின் கட்டிய தொகுதிகளையும், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழக நூலகங்களையும் கேட்டுப் பார்க்கலாம். வெளியாருக்கு அனுமதி உண்டா என்று முதலில் தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளுங்கள். கடைசி வழி கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். கொழும்புக்கு உதயதேவி ரயிலில் ஏறுமுன் பத்திரிகைப் பெயரும் திகதியும் கொண்ட பட்டியலை எழுதி முடித்திருக்க வேண்டும்.

நடப்புச் செய்திக்கு இந்தத் தளம் போதாது. அதற்கு மூன்று இடங்கள். நாடாளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சாட், உறுப்பினர் பேசிய மொழியிலேயே அச்சாவதால் தமிழில் பேசியது தமிழிலேயே கிடைக்கும். காணி, எல்லை, நியமனம் சம்பந்தமானவற்றுக்கு வர்த்தமானி. அதிவிசேட இதழானால் சாய்கோட்டுக்கு இருபுறமும் உள்ள இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்று தவறினாலும் வேறொரு அறிவித்தலுக்குப் போய்விடுவீர்கள். எங்கும் வெளியிடப்படாத தகவலுக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தருவதா மறுப்பதா என்று, விண்ணப்பம் பெற்ற அரச நிறுவனம் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். செய்தி இணையத்தளங்கள் தலைப்பை மாற்றும், பக்கத்தை நீக்கும்; எனவே வாசித்த அன்றே, இணையப் பக்கங்களின் பிரதியைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்து, சேமித்த திகதியையும் எழுதிவையுங்கள்.

நூலகம் தளத்திலிருந்து எடுத்ததற்குப் பத்திரிகைப் பெயர், திகதி, பக்கம் ஆகியவற்றோடு 'நூலக எண்' என்று அங்கே காட்டப்படும் இலக்கத்தையும் குறித்தால் அடுத்தவர் அதே கோப்பை உடனே திறக்கலாம். இறக்கிய கோப்புக்கு ஆண்டு, மாதம், நாள், பத்திரிகை என்ற ஒழுங்கில் பெயரிடுங்கள். கோப்புறையில் எல்லாம் தானாகவே காலவரிசையில் நிற்கும், எந்த நாள் விடுபட்டது என்பதும் தெரியும்.