பண்டி மயிரா, சிந்தெடிக்கா: கொழும்பு ஈரலிப்பில எந்த ஷேவிங் பிரஷ்?

2022ல டொலர் இல்லாமப் போன நேரம் ஷேவிங் ஃபோம் ரின் விலை ஏறின ஏத்தத்தில ஒருநாள் வெள்ளவத்தையில சுப்பர்மாக்கெட் தட்டுக்கு முன்னால நிண்டு ரின்னைக் கையில எடுத்துப் பாத்திட்டு திரும்ப வைச்சிட்டு வந்தன். கீழ்த்தட்டில கோத்ரேஜ், பாமோலிவ் மாதிரி ரியூப் கிறீம் கிடந்தது, விலையும் எவ்வளவோ குறைவு, அப்பா முந்தி ஒரு ரியூபை மாசக்கணக்கில இழுக்கிறவர் எண்டது ஞாபகம் வந்து அதை வாங்கினன். வீட்ட வந்து பாத்தாத்தான் தெரியுது, அதுக்கு பிரஷ் வேணுமாம். அங்க தொடங்கின கதை, இப்ப மூண்டு பிரஷ் என்ர கைக்குள்ளால போயிட்டுது. எதை வாங்கிறது எண்டு கேக்கிற ஒவ்வொரு மச்சானுக்கும் வொய்ஸ் மெசேஜ் போட்டுக் களைச்சுப் போனன், அதால இதை எழுதிறன். முதலே சொல்லிடுறன், நான் சிந்தெடிக் பக்கம், நடுநிலை எல்லாம் எதிர்பாக்க வேண்டாம்.

ரின் ஃபோமா பிரஷ்சா எண்ட கேள்விக்கு நான் இங்க நேரம் செலவழிக்கேல்லை. ரின் கெதி, பிரஷ் மலிவு, பிரஷ் நுரை கூட வழுக்கும். காலமை ஏழரைக்கு காலி வீதியில பஸ் பிடிக்கிற ஆளுக்கு ரின்தான் சரி எண்டா நான் சண்டைக்கு வரமாட்டன்.

பிரஷ் எண்டு இறங்கினா மூண்டு வகை. பண்டி மயிர், பேட்ஜர் மயிர், சிந்தெடிக் எண்ட செயற்கை நார். பேட்ஜர் எண்டது எங்கட ஊரில இல்லாத ஒரு மிருகம், நீர்நாயின்ர சொந்தக்காரன், அந்த மயிர் பெரும்பாலும் சீனாவில இருந்து வாறது. பண்டி மயிர் எண்டா இத்தாலியில பொலோஞ்ஞாவில செய்யிற ஒமேகாதான் வெளியில பேர் போனது, ஆனா புறக்கோட்டையில தட்டில கிடக்கிற பேரில்லாத பிரஷ் கனக்கவும் பண்டி மயிர்தான். சிலதில மயிர் எண்டே எழுதியிருக்காது. மருதானையில இருக்கிற என்ர முஸ்லிம் கூட்டாளி ஒருத்தன் இதாலயே பிரஷ் பக்கம் வராம இருந்தவன், சிந்தெடிக் எண்டு தெளிவா போட்டதைக் காட்டினாப் பிறகுதான் வாங்கினான். எங்கட அம்மாவும் "பண்டி மயிரையோடா முகத்தில பூசுறாய்" எண்டு ஒரு கிழமை முகம் சுழிச்சவ, அது வேற கதை.

நான் முதல்ல வாங்கினது புறக்கோட்டை பண்டி மயிர்தான். புதுசில ஒரு மிருக வாடை, ரெண்டு நாளைக்கு மயிர் கொட்டும், முகத்தில தேச்சா தேங்காய்த் தும்பு மாதிரி இருக்கும். இதெல்லாம் குறை இல்லை, பண்டி மயிரின்ர சுபாவமே அப்பிடித்தான். சில கிழமை பாவிச்சா ஒவ்வொரு மயிரின்ர நுனியும் ரெண்டா மூண்டா பிரிஞ்சு மெத்தெண்டு வந்திடும், அடி மட்டும் விறைப்பா நிக்கும். அந்த நிலைக்கு வந்த பண்டி மயிர் பிரஷ் முகத்தைத் தேய்க்கிற சுகம் சிந்தெடிக்கில இல்லை, இதை ஒத்துக்கொள்ளத்தான் வேணும். ஆனா அந்த நிலைக்கு வாறதுக்கு முதல் நீங்க நுரை அடிக்கப் பழக வேணுமே, அங்கதான் பிரச்சினை.

நுரை அடிக்கிறது எண்டா வேற ஒண்டும் இல்லை, கிறீம், தண்ணி, காத்து மூண்டையும் ஒரு அளவில சேக்கிறது. கிறீம் ஒரு கஜு அளவு காணும். தண்ணியிலதான் எல்லாரும் விழுறது. கூடினா பாத்திரம் கழுவிற சவுக்கார நுரை மாதிரி பெரிய பெரிய குமிழ் வந்து முகத்தில ஒரு நிமிசத்தில வத்திப்போகும், குறைஞ்சா பசை மாதிரி ஒட்டிக்கொண்டு நிக்கும், பாக்க நல்ல தடிப்பா இருக்கிறதால சரி எண்டு நம்பி பிளேட்டை வைச்சா இழுக்கும். எனக்கு முதல் மாசம் நடந்தது ரெண்டாவது. தடிப்பான நுரைதான் நல்ல நுரை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன், கழுத்தெல்லாம் சிவந்து, சீனக்காரம் தேச்சா நெருப்பு. பேந்துதான் விளங்கினது, பாக்கிற அழகில ஒண்டும் இல்லை, ரெண்டு விரலுக்கிடையில எடுத்துத் தேச்சா வழுக்கிக்கொண்டு போக வேணும். நிறம் மங்கலா இல்லாம ஒரு மினுக்கம் வரும், பிரஷ்சைத் தூக்கினா நுனி வளைஞ்சு நிக்கும், சட்டித் தயிரைக் கரண்டியால எடுத்த மாதிரி.

இப்ப பிரஷ் இதில எங்க வருது எண்டா, பண்டி மயிர் தண்ணியைத் தனக்குள்ள உறிஞ்சும். பாவிக்க முதல் ரெண்டு மூண்டு நிமிசம் ஊறவைக்க வேணும், பிறகு உதற வேணும், எவ்வளவு உதறினனீங்க எண்டதைப் பொறுத்து உள்ளுக்குள்ள எவ்வளவு தண்ணி நிக்குது எண்டது மாறும். சரியா ஊறாட்டி கிறீமில போட்ட தண்ணியை அது குடிச்சிடும், கூட ஊறினா நடுவில ஒளிச்சிருந்த தண்ணி ரெண்டாவது நிமிசத்தில இறங்கி, வடிவா வந்துகொண்டிருந்த நுரையைக் கலைச்சு விட்டிடும். பழகின ஆளுக்கு இது கைக்கணக்கு. பழகாத எனக்கு திங்கள் வந்த நுரை செவ்வாய் வராது, ஏன் எண்டும் தெரியாது. சிந்தெடிக் நார் தண்ணியை உறிஞ்சாது. நனைச்சு நல்லா உதறிட்டா, பேந்து நீங்க விரல் நுனியால சொட்டுச் சொட்டா விட்ட தண்ணி எவ்வளவோ அவ்வளவுதான் நுரையில இருக்கும். நான் அஞ்சாறு சொட்டு விட்டு முப்பது செக்கன் சுத்துவன், திரும்பவும் அஞ்சாறு சொட்டு, இப்பிடி மூண்டு நாலு தரம். ஒரு கிழமையில என்ர கிறீமுக்கு எவ்வளவு தண்ணி எண்டு கை பிடிச்சிட்டுது, பண்டி மயிரில மூண்டு மாசமா வராதது. அதுக்காக சிந்தெடிக்கை உதறாம ஈரத்தோட கிறீமில வைச்சா தண்ணி பொலபொலவெண்டு ஊத்தும், அதையும் சொல்லத்தான் வேணும்.

கிண்ணத்தில அடிக்கிறதா நேர முகத்தில அடிக்கிறதா எண்டா, பழகிற காலத்தில கிண்ணம், கண்ணால பாக்கலாம். நான் பாவிச்சது சிரட்டை, துருவின தேங்காயின்ர அரைச் சிரட்டையை உள்பக்கம் மினுக்கிப்போட்டு. காசு கேட்டுச்சோ, இல்லை. இப்ப முகத்திலதான் அடிக்கிறன், கழுவிற சாமான் ஒண்டு குறையும்.

சரி, நான் கட்சி மாறின உண்மையான காரணத்துக்கு வாறன். காயிறது. பிரஷ் காயிறது. இதை வெளிநாட்டுக்காரர் எழுதிறதில ஒரு வரியில சொல்லிட்டுப் போவாங்கள், பாவிச்சிட்டுக் கழுவி உதறி வையுங்கோ, அடுத்த நாள் காஞ்சிடும் எண்டு. அங்க காஞ்சிடும். நான் இருக்கிறது வெள்ளவத்தையில ஒரு ஃபிளாட், பாத்ரூமில யன்னல் எண்டு ஒண்டு இருக்கு, திறந்தா பக்கத்து ஃபிளாட்டின்ர சுவர். ரெண்டு வீதி தள்ளி கடல். மே மாசம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினா துவாயே ரெண்டு நாளா காயாது, துணி அலுமாரிக்குள்ள பூஞ்சணம் பிடிக்கும், உப்பு ஜாடிக்குள்ள கட்டியா நிக்கும். இதுக்குள்ள தண்ணியை உறிஞ்சுற மயிர்க்கத்தை ஒண்டு, அதுவும் அடிப்பக்கம் இறுக்கிக் கட்டிப் பசை போட்டது, எப்பிடிக் காயும்?

வெளியால தொட்டுப் பாத்தா காஞ்ச மாதிரித்தான் இருக்கும், அதில ஏமாறக்கூடாது. ஒருநாள் சந்தேகம் வந்து, காலமை ஷேவ் எடுத்த பிரஷ்சை அடுத்த நாள் காலமை விரிச்சு அடியில டிசு பேப்பரை வைச்சு அமத்தினன், டிசு நனைஞ்சிட்டுது. இருபத்துநாலு மணித்தியாலம்! அதுக்கு மேல திரும்பவும் தண்ணியில ஊறவைச்சு, திரும்பவும் காயாம வைச்சு, இப்பிடியே போனா என்ன நடக்கும், ஓகஸ்ட் அளவில ஒரு மணம் வரத் தொடங்கினது, நனைஞ்ச நாய் மழைக்குள்ள இருந்து வீட்டுக்குள்ள வந்த மாதிரி. கழுவிறது காணாது எண்டு நினைச்சு இன்னும் கழுவினன், அது இன்னும் ஈரம். வினாகிரியில தண்ணி கலந்து ஊறவைச்சன், மணம் ஒரு கிழமை விட்டிட்டுத் திரும்ப வந்தது. தலைகீழாத் தொங்கவிட்டுப் பாத்தன், பெரிசா வித்தியாசம் இல்லை, தொங்கினாலும் நிண்டாலும் சுத்தி இருக்கிறது அதே ஈரக்காத்துத்தானே. துவாயில நல்லா அமத்தித் துடைச்சு, பாத்ரூமை விட்டு வெளியில எடுத்து, ஹோலில ஃபானுக்குக் கீழ வைச்சாத்தான் கொஞ்சமாவது சரி வந்தது. ஆனா சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில ஷேவிங் பிரஷ் நிக்கிறதை எவ்வளவு நாளைக்கு மனிசி பொறுப்பா?

ரெண்டு பிரஷ் வாங்கி மாத்தி மாத்திப் பாவிக்கலாம், பண்டி மயிரில நிக்கப்போறவைக்கு நான் சொல்லுற வழி அதுதான், ஒவ்வொண்டுக்கும் நாப்பத்தெட்டு மணித்தியாலம் கிடைக்கும். ஆனா மலிவெண்டு வாங்கின சாமானை ரெண்டா வாங்கினா அது மலிவில்லை. அதோட ஏழெட்டு மாசத்தில என்ர பிரஷ்ஷின்ர நடுவில இருந்து மயிர் கொத்தாக் கழரத் தொடங்கினது, புதுசில கொட்டுற மாதிரி ஒண்டு ரெண்டு இல்லை, கொத்து. ஈரத்தில அடி உக்கினதா, பசை கூடாததா எண்டு சத்தியம் பண்ணமாட்டன், ரெண்டும் எண்டுதான் என்ர எண்ணம்.

சிந்தெடிக்குக்கு அதே டிசு சோதனை செய்தன். காலமை கழுவி, உதறி, அதே யன்னல் இல்லாத மாதிரியான பாத்ரூமில வைச்சன், பின்னேரம் வேலையால வந்து பாக்க அடியும் காஞ்சு கிடந்தது. நாரே தண்ணி குடிக்காது எண்டதால நாருக்கு இடையில நிக்கிற தண்ணி மட்டும் போனாக் காணும். மூண்டு மழைக்காலம் தாண்டிட்டுது, மணம் எண்டு ஒண்டு வரேல்லை, நாலு நார் கழண்டிருக்குமோ தெரியாது. செய்யிற பராமரிப்பு எண்டா சவுக்காரம் போக நல்லாக் கழுவிறது, கொதிதண்ணி விடாம இருக்கிறது, அவ்வளவுதான். பத்து வருசம் நிக்குமோ எண்டு கேட்டா, மூண்டு வருசக்காரனிட்ட பத்து வருசக் கேள்வி கேக்காதேங்கோ.

பேட்ஜரைப் பற்றி எனக்குக் கதைக்க உரிமை கம்மி. லண்டனில இருந்து வந்த மச்சான் ஒருத்தர் நிண்ட ரெண்டு கிழமை அவரின்ரயைப் பாவிச்சன், அவ்வளவுதான் என்ர அனுபவம். மெத்தெண்டு இருந்தது, ஊறவைக்கத் தேவையில்லை, தண்ணியை நிறையப் பிடிச்சு வைக்கும். ஆனா தண்ணியை நிறையப் பிடிக்கிறது எண்டா காயவும் நேரம் எடுக்கும், அந்த விலை குடுத்து வாங்கின சாமான் ஜூன் மாசம் மணந்தா எனக்கு நித்திரை வராது. அவர் திரும்பிப் போகும்வரை அதை ஏசி அறைக்குள்ள வைச்சுத்தான் காயவிட்டவர், அந்த வசதி இருக்கிறவை யோசிக்கலாம்.

மயிர் பிரஷ் எண்டா நோய் வருமோ எண்டு ஒரு அக்கா கேட்டவ. முதலாம் உலகப்போர் நேரம் சரியாச் சுத்தம் செய்யாத குதிரை மயிர் பிரஷ்ஷால அந்த்ராக்ஸ் வந்து ஆக்கள் செத்தது உண்மை, ஆனா அது அந்தக் காலம், இப்ப மயிரைச் சுத்திகரிச்சுத்தான் செய்யிறவை. எனக்கு மணந்ததுக்குக் காரணம் என்ர பாத்ரூம்.

ஒண்டு மட்டும் பிரஷ்ஷில பழி போடக்கூடாது, தண்ணி. போன வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போகேக்க சிந்தெடிக்கையும் அதே ரியூபையும் கொண்டுபோனன். கிணத்துத் தண்ணியில அடிக்கிறன் அடிக்கிறன், நுரை வருகுதில்லை, சாம்பல் நிறத்தில திரைஞ்ச பால் மாதிரி ஏதோ வருது. சுண்ணாம்புக்கல் நிலம், தண்ணியில கல்சியம், அது சவுக்காரத்தைப் பிடிச்சு அழுக்கா மாத்திடும். கொழும்பில எங்களுக்கு களனி கங்கையிலயும் லபுகம, கலட்டுவாவ குளங்களிலயும் இருந்து வாற தண்ணி மெல்லிசு, அந்தச் சுகம் அங்க போனாத்தான் தெரியும். கிறீமை ரெண்டு மடங்கு போட்டு, போத்தில் தண்ணி வாங்கித்தான் மூண்டு நாள் சமாளிச்சன்.

அந்தப் பயணத்தில பண்டி மயிர் பிரஷ் ஒண்டையும், புறக்கோட்டையில வாங்கி ரெண்டே தரம் பாவிச்ச ரெண்டாவதை, அப்பாட்டக் குடுத்திட்டு வந்தன். விறாந்தையில வெயிலுக்குத் தள்ளி ஆணியில தொங்கவிட்டிருக்கிறார். இந்தமுறை போன் எடுத்துக் கேட்டா, மணமும் இல்லையாம், மயிரும் கொட்டேல்லையாம், நுனி பிரிஞ்சு பஞ்சு மாதிரி இருக்காம், காலமை நனைச்சா மத்தியானம் காஞ்சிடுமாம். "பிரஷ் திறம் தம்பி," எண்டார், "நுரைதான் இல்லை."