செட்டிநாட்டில் டீசல் ரயிலைப் படம்பிடிக்க: மெயின் லைனா, அறந்தாங்கி லைனா?

காரைக்குடி ஜங்ஷனிலிருந்து டீசல் வண்டியைப் படம்பிடிக்கக் கிளம்புகிறவருக்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம், செட்டிநாடு, கோட்டையூர் வழியாக வந்து, கல்லல், சிவகங்கை தாண்டி மானாமதுரைக்குப் போகிற மெயின் லைன். மற்றது, கண்டனூர் புதுவயல், அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை வழியாகத் திருவாரூருக்குப் போகிற கிளைப் பாதை. பெயர்பெற்ற வண்டிகளும் நல்ல நிலக்காட்சியும் பழைய கதைகளும் முதல் பாதையில்தான் அதிகம். ஆனாலும் இன்றைக்கு என்னிடம் யாராவது கேட்டால் இரண்டாவதற்குத்தான் அனுப்புவேன். அதற்கான காரணத்தைச் சொல்ல, ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் இருந்த மீட்டர்கேஜ் காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

மீட்டர்கேஜ் காலத்து மெயின் லைன்

திருச்சி–புதுக்கோட்டைப் பாதை 1929-லும் அங்கிருந்து மானாமதுரை வரை 1930-லும் திறக்கப்பட்டது. ராமேஸ்வரம் போகும் வண்டிகளுக்கு மதுரையைச் சுற்றாமல் ஒரு குறுக்கு வழி கிடைத்தது. இலங்கைக் கப்பலைப் பிடிக்கத் தனுஷ்கோடி வரை போன போட் மெயில் செட்டிநாட்டின் வண்டி ஆனதும் அதனால்தான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்ட பிறகும் அந்தப் பெயரை ஊர்க்காரர்கள் விடவில்லை.

படமெடுக்கிறவருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. இந்தப் பாதையின் பேர்போன வண்டிகள் எல்லாம் ராத்திரி வண்டிகள். சென்னையில் சாயங்காலம் ஏறினால் விடிவதற்குள் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆகவே நடுச்சாமத்திலோ அதற்குப் பிறகோதான் காரைக்குடியைக் கடக்கும். போட் மெயிலை வெளிச்சத்தில் பிடித்த படம் வேண்டுமென்றால் மண்டபம், பாம்பன் பக்கம் போக வேண்டும். செட்டிநாட்டில் பகலில் கிடைத்தது பாசஞ்சர் வண்டிதான்.

அந்தப் பாசஞ்சரை இழுத்தது ஒய்டிஎம்-4 என்கிற டீசல் இன்ஜின், ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் வடிவமைப்பு. ஆறு சிலிண்டர், சுமார் 1,400 குதிரைத்திறன், எடை 72 டன். அகலப்பாதை இன்ஜின்களோடு வைத்துப் பார்த்தால் சின்னப் பையன். ஆனால் அந்தச் சிறிய உருவம்தான் படத்துக்குத் தோதாக இருந்தது. தாழ்வான மண் கரையில் ஆயிரம் மில்லிமீட்டர் தண்டவாளம், அதன் மேல் குட்டையான பெட்டிகள். பின்னால் ஒரு பனங்கூட்டமும் பக்கத்தில் கண்மாய்க் கரையும் இருந்தால் வண்டி அந்த நிலத்துக்குள்ளேயே அடங்கிவிடும். இன்றைய அகலப்பாதை வண்டி ஜல்லி மேட்டின் மேல் ஏறி நின்று, பின்னால் இருப்பதையெல்லாம் மறைத்துவிடுகிறது.

அப்புறம் புகை. ஆல்கோ இன்ஜினில் டிரைவர் நாட்ச் (இழுவையைக் கூட்டும் படி) ஏற்றியதும் டீசல் உடனே உள்ளே போய்விடும். டர்போ சுழன்று வேகமெடுத்துக் காற்றைத் தள்ளுவதற்குச் சில நொடிகள் பிடிக்கும். அந்த இடைவெளியில் எரிந்தும் எரியாததுமாகப் போகிற எண்ணெய்தான் கரும்புகை. ஸ்டேஷனிலிருந்து கிளம்பும்போது இது கட்டாயம் நடக்கும். ஆகவே பிளாட்பாரத்தின் தலைமாட்டில் நின்றால் போதும். கார்டு பச்சைக்கொடி காட்டுவார், ஹாரன் அடிக்கும், இன்ஜின் அதிர்ந்து கறுப்பாக ஒரு தூண் எழும்பும். கீழே பாயிண்ட்ஸ்மேன் பிரம்பு வளையத்தைத் தூக்கிப் பிடித்திருப்பார். வளையத்தில் தோல் பை, பைக்குள் டோக்கன். அந்தப் பிரிவில் வேறு வண்டி இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. உதவி டிரைவர் வாசலில் சாய்ந்து, கையை வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொள்வார். புகையும் வளையமும் ஒரே பிரேமில் விழுந்தால் அன்றைய வேலை முடிந்தது.

பிலிமில் இது அத்தனை கடினமும் இல்லை. நல்ல வெயிலில் 100 வேக பிலிமுக்கு எஃப் 8, நொடியில் 500-ல் ஒரு பங்கு. கிளம்புகிற வண்டிக்கு அது தாராளம். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பாசஞ்சர் அந்த நேரத்தில் நகர்வது மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. கடினமெல்லாம் ரோலுக்கு 36 படம் என்பதிலும், கழுவி வரும்வரை என்ன விழுந்தது என்று தெரியாததிலும்தான் இருந்தது. அதனால் வண்டி எதிரே வந்து சரியான இடத்தைத் தொடும் வரை விரல் காத்திருக்கும். அந்தப் பொறுமையில் வந்த படங்கள் இன்றைய போன் ‘பர்ஸ்ட்’ படங்களைவிட நன்றாக இருக்கின்றன என்று சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

கம்பி வராத அகலப்பாதை

2007, 2008 வாக்கில் மெயின் லைன் அகலமானது. மானாமதுரை–விருதுநகர் 2013-ல் வந்தது. அதே ஆண்டில் பல்லவன் எக்ஸ்பிரஸையும் காரைக்குடி வரை நீட்டினார்கள். அன்றிலிருந்து மின்கம்பி வரும் வரையிலான காலத்தைத்தான் இந்தப் பாதையின் பொற்காலம் என்பேன். ஆனால் அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மீட்டர்கேஜ் போன துக்கத்திலேயே எல்லோரும் இருந்தோம். கேமராவை எடுத்தவர்களும் ‘டீசல்தானே, எங்கே போய்விடப்போகிறது’ என்று இருந்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் இங்கே இரண்டு வகை டீசல் ஓடியது. டபிள்யூடிஎம்-3ஏ, டபிள்யூடிஜி-3ஏ போன்றவை ஆல்கோ குடும்பம்: 16 சிலிண்டர், 3,100 குதிரைத்திறன், நான்கு ஸ்ட்ரோக், அதே புகை. டபிள்யூடிபி-4, 4டி எல்லாம் இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான இஎம்டியின் குடும்பம்: இரண்டு ஸ்ட்ரோக், 4,000 குதிரைத்திறனும் அதற்கு மேலும். ஓட்டுகிறவர்களுக்கு இஎம்டி பிடிக்கும், கணக்குப் பார்க்கிற அதிகாரிக்கும் பிடிக்கும். படத்துக்கு ஆல்கோதான். இஎம்டி சுத்தமாக எரிக்கிறது. நின்றிருக்கிறதா, இழுக்கிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே ஒரு விஷயத்தில் 4டி முந்துகிறது. பழைய டபிள்யூடிபி-4-ல் ஒரு முனையில் மட்டும் கேபின். நீள முனையை முன்னால் வைத்து ஓட்டும்போது டிரைவருக்கே பாதை சரியாகத் தெரியாது; படத்திலும் முகமில்லாத பெட்டி மாதிரி விழும். 4டி-யில் இரண்டு பக்கமும் கேபின் இருப்பதால் எந்தத் திசையில் வந்தாலும் முகம் உண்டு.

கம்பி வந்த பிறகு

இப்போது மெயின் லைனில் 25,000 வோல்ட் கம்பி. கம்பி வந்த பாதையில் டீசலைத் தேடுவதே ஒரு சூதாட்டம். தப்பித் தவறி ஒன்று வந்தாலும் கம்பம் குறுக்கே நிற்கும், கம்பியின் நிழல் இன்ஜின் பக்கவாட்டில் கோடு போடும். ஒற்றைப் பாதையில் கம்பங்களைப் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் நடுவார்கள். எதிர்ப் பக்கம் நின்றால் பாதித் தொல்லை தீரும். நேர்ப் பாதையில் இரண்டு கம்பத்துக்கு நடுவே அதிகபட்சம் 72 மீட்டர். இன்ஜினும் இரண்டு பெட்டியும் அதற்குள் கச்சிதமாக அடங்கும். முழு வண்டியும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் கம்பங்களோடுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். செல்பி குச்சியையோ நீளமான ஸ்டாண்டையோ கம்பிக்குப் பக்கத்தில் உயர்த்தாதீர்கள். நிற்கிற சரக்கு வண்டியின் மேல் ஏறவே ஏறாதீர்கள். கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே மின்சாரம் தாவும்.

இத்தனைக்கும் நிலம் அதேதான். நார்த்தாமலைக் குன்றுகள், திருமயத்துப் பாறைகள், செட்டிநாடு ஸ்டேஷன் பக்கத்துச் செம்மண் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. மின்சார இன்ஜினை எடுப்பதில் மனக்குறை இல்லாதவர் தாராளமாகப் போகலாம். நான் டீசலுக்காகப் போகிறவன்.

அறந்தாங்கி லைன்

காரைக்குடி–பட்டுக்கோட்டை மீட்டர்கேஜை 2012-ல் மூடினார்கள். அகலப்பாதையாக 2018-ல்தான் திறந்தார்கள். திருவாரூர் வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது 2019 ஜூனில். அப்போது பல கேட்களுக்கு ஆள் போடவில்லை. வண்டியிலேயே வந்த ஊழியர் இறங்கிக் கேட்டை மூடுவார், வண்டி தாண்டி நிற்கும், திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். 149 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பயணிகள் நொந்துபோனார்கள். பைக்கில் பின்தொடர்ந்த படக்காரர்களுக்கு ஒரே வண்டி ஊருக்கு ஊர் கிடைத்தது.

இப்போது அந்தக் கூத்து இல்லை. தாம்பரம்–செங்கோட்டை, எர்ணாகுளம்–வேளாங்கண்ணி, 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத்தோடு வந்த தாம்பரம்–ராமேஸ்வரம் என்று தூரத்து வண்டிகளும் இந்தப் பக்கம் வருகின்றன. ஆனால் அவையும் பெரும்பாலும் இருட்டில்தான் கடக்கும். அந்தக் காலத்து மெயின் லைன் கதையேதான். பகலுக்கு மிஞ்சுவது டெமு. இந்த இரண்டு முனையிலும் பவர் கார் (இன்ஜின் உள்ளேயே பொருத்திய பெட்டி) வைத்த டீசல் வண்டியைக் கண்டாலே முகம் சுளிக்கிற ரயில் ரசிகர்கள் நிறைய. இன்ஜின் என்று தனியாக ஒன்று இல்லை, படத்தில் எடுப்பாக இல்லை என்பார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. பழைய பாசஞ்சர் செய்த வேலையைத்தான் இது செய்கிறது: சின்ன ஸ்டேஷனில் நிற்கிறது, பள்ளிக்கூடப் பையையும் காய்கறி மூட்டையையும் ஏற்றிக்கொள்கிறது. மேலே கம்பி இல்லாத வானம் வேறு.

பின்னணி மெயின் லைன் அளவுக்கு இல்லை என்பது உண்மை. புதுவயலில் அரிசி ஆலைகள், அதைத் தாண்டினால் கண்மாய், தைலமரக் காடு, எங்கும் சீமைக்கருவேல். கருவேல் ஒரு மழைக்குப் பிறகு பார்த்தால் தண்டவாளத்தை மறைக்கிற உயரத்துக்கு வந்துவிடும். முன்னால் வந்து பார்த்துவைத்த இடம் என்று நம்பிப் போகாதீர்கள். பேராவூரணிப் பக்கம் போனால் தென்னந்தோப்புகள் வரும், 2018 நவம்பரில் கஜா புயல் புரட்டிப்போட்ட பூமி. ஆனால் அது செட்டிநாடு இல்லை.

வெளிச்சத்தில்தான் இரண்டு பாதைக்கும் பெரிய வித்தியாசம். மெயின் லைன் காரைக்குடிக்கு வடக்கே ஏறக்குறைய வடக்குத்–தெற்காக ஓடுகிறது. காலையில் கிழக்குப் பக்கம், மாலையில் மேற்குப் பக்கம் நின்றால் முடிந்தது. அறந்தாங்கி லைன் கிழக்கு–மேற்குச் சாய்வு. டெமு காலையில் திருவாரூரிலிருந்து மேற்கே வருகிறது, சாயங்காலம் கிழக்கே திரும்புகிறது. இரண்டு நேரமும் சூரியன் வண்டியின் முதுகில், முகம் நிழலில்! அதற்கு ஒரு குறுக்கு வழி, வண்டி தாண்டிப் போன பிறகு எடுப்பது. டெமுவுக்கு வாலிலும் அதே முகம்தான். வெயில் அதன் மேல்தான் விழுந்திருக்கும். சிவப்பு விளக்கையும் கடைசிப் பெட்டி என்பதற்கான ‘எல்வி’ பலகையையும் பார்த்து ‘இது பின்பக்கம்’ என்று கண்டுபிடிக்கிற ஆசாமிகள் இருப்பார்கள். கண்டுபிடிக்கட்டும்.

மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் பாதையின் தென்பக்கம் நின்றால் காலை முதல் மாலை வரை பக்கவாட்டு வெளிச்சம் கிடைக்கும். இந்தப் பாதைக்கு அதுதான் பருவம். சித்திரை பிறந்ததும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், சக்கரமெல்லாம் கறுத்துப்போகும். ஆனி, ஆடியில் அது வடக்கே நகர்ந்துவிடுவதால் நடுப்பகலில் வடபக்கம் மாறிக்கொள்ள வேண்டும்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேகமாகக் குறுக்கே போகிற வண்டி போன் படத்தில் சாய்ந்து விழும். சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால் வருகிற கோளாறு அது. வண்டி எதிரே வரும்படி கோணம் வைத்தால் தெரியாது. பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குகிற எச்டிஆரை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பெட்டி எண்கள் இரட்டையாகத் தெரியும்.

நிற்கிற இடம் எதுவானாலும் கேட்டுக்கு வெளியே, ரோட்டுப் பக்கமே நில்லுங்கள். தண்டவாளத்தில் இறங்கினால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. அதைவிட, கேட் கீப்பரோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்வது லாபம். ‘அண்ணே, டெமு எங்க வருது?’ என்று கேட்டால் போதும். ஸ்டேஷனிலிருந்து அவருக்குப் போன் வந்திருக்கும். ‘அறந்தாங்கி விட்டாச்சு தம்பி, கேட்டைப் போடப் போறேன், அந்தப் புளியமரத்துப் பக்கம் நில்லுங்க’ என்று இடமும் காட்டுவார். எந்தச் செயலியும் இதைச் சொல்லாது.

மின்மயமாக்கலில் இந்தப் பாதையின் முறையும் வந்துவிட்டது. ஆகவே இந்த மார்கழியைத் தள்ளிப்போட வேண்டாம். காலை டெமுவைப் புதுவயலுக்கும் அறந்தாங்கிக்கும் நடுவில் எங்காவது பிடித்துவிட்டு, வெயில் ஏறியதும் ஊருக்குள் சாப்பிடப் போய்விடலாம். சாயங்காலம் காரைக்குடி பிளாட்பாரத்துக்கு வந்தால், ராமேஸ்வரத்தில் பிற்பகல் கிளம்பிய தாம்பரம் வண்டி அந்தி நேரத்தில் வரும். அன்றைய நேரத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நிற்கிற வண்டிதானே, கேமராவை ஒரு பெஞ்சில் வைத்து நொடியில் 15-ல் ஒரு பங்கு கொடுத்தாலும் ஆடாது. ஆல்கோ வந்தால் கிளம்பும் வரை இருந்து புகையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.