பழைய டபுள் பேரலும் காக்கை வேட்டையும்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

என்னிடம் இருப்பது, இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் பர்மிங்காமில் செய்யப்பட்ட 12 போர் (bore, குழலின் உட்பரும அளவு) துப்பாக்கி. அருகருகே இரண்டு குழல், இரண்டு விசை, வெளியே சுத்தியல் கிடையாது. உள்ளே இருக்கும் பாக்ஸ்லாக் அமைப்பு (சுடும் பொறி முழுவதும் ஒரு பெட்டிக்குள் அடங்கியது), வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் இருந்த ஆன்சன், டீலி இருவரும் 1875-இல் காப்புரிமை பெற்றது. குழலை மடக்கினாலே உள்சுத்தியல்கள் பின்வாங்கித் தயாராகிவிடும். அசையும் பாகங்கள் குறைவு, அதனால் கெடுவதும் குறைவு. நான் வாங்கிய பிறகு மாற்றியது ஒரு ஸ்டிரைக்கரும் (தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி) அதன் ஸ்பிரிங்கும்தான்.

இந்த வகையை வாங்க நினைப்பவர்கள் கட்டையின் ரேகையையும் செதுக்கு வேலையையும் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். முதலில் குழல்களைக் கழற்றி, கொக்கியில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, நகத்தால் தட்டிப் பாருங்கள். வெண்கல மணி மாதிரி ஓசை நீண்டால் நல்லது. சத்தம் அடைத்துப்போனால் இரு குழல்களையும் இணைக்கும் பட்டையின் ஈயப் பற்று விட்டிருக்கலாம். அப்புறம் குழல் சுவரின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யத் தயங்கும் விற்பனையாளரிடம் விலை பேசவே வேண்டாம்.

தோட்டா விஷயத்தில்தான் உண்மையான ஆபத்து. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் 12 போர் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தான். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் அந்த அளவு, சுட்ட பிறகு வாய் விரிந்த உறையின் நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டை. எனவே பழைய அறைக்குள் சமர்த்தாக இறங்கும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும், எல்லாம் சரி என்றே தோன்றும். சுடும்போதுதான் உறையின் வாய் குறுகலான பகுதிக்குள் போய் விரிகிறது, அழுத்தம் ஏறுகிறது. நான் 65 மில்லிமீட்டர், குறைந்த அழுத்தம், உள்ளே இருக்கும் பால்ரஸ் குண்டுகளின் எடை 28 கிராமுக்கு மேல் போகாத தோட்டாக்களை மட்டுமே போடுகிறேன். எஃகு பால்ரஸ் இந்தக் குழலுக்கு ஆகாது. ஈயத்துக்குத் தடை இருக்கும் இடங்களில் பிஸ்மத் என்ற உலோகத்தால் ஆன பால்ரஸ்தான் வழி. கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. பிஸ்மத் விலை கையைக் கடிக்கும், ஆனால் நூறு வயதை நெருங்கும் குழலுக்கு அது பொருந்துகிறது.

சரி, காக்கைக்கு வருவோம். சுடுவது சுலபம் என்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். மறைவில் முகத்தைக் கொஞ்சம் உயர்த்தினாலே போதும், கூட்டம் திசை மாறிவிடும். பொம்மை ஆந்தையை வைத்தால் சண்டைக்கு வரும். ஆனால் முதல் வெடிக்கே ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பிவிடும். இங்கேதான் இரண்டு விசை கைகொடுக்கிறது. முன்விசை வலது குழலுக்கு, அதில் சோக் (குழல் வாயின் குறுகல்) தளர்வு. பின்விசை இடது குழலுக்கு, அதில் இறுக்கம். கிட்டே வருவதற்கு முன்னது, விலகி ஓடுவதற்குப் பின்னது. எந்தப் பொத்தானையும் தேட வேண்டியதில்லை, விரல் நகர்ந்தால் போதும். குறையும் உண்டு: எஜெக்டர் இல்லாததால் காலி உறைகளைக் கையால் உருவ வேண்டும், அதற்குள் வானம் காலியாகிவிடும். எண்ணிக்கையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் செமி ஆட்டோமேட்டிக்கே மேல்.

அந்த நோக்கம் பற்றித்தான் வேட்டைக்காரர்களுக்குள்ளேயே சண்டை. சாப்பிடாத பறவையை ஏன் சுட வேண்டும் என்பது ஒரு கட்சி. முளைவிட்ட சோளத்தைப் பிடுங்குகிறது, மற்ற பறவைகளின் முட்டையைத் தின்கிறது என்பது மறுகட்சி. சட்டமும் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவில் 1972-இல் மெக்சிகோவுடனான பறவை ஒப்பந்தத்துக்குள் காக்கையும் வந்தது. மாநிலங்கள் வருடத்துக்கு அதிகபட்சம் 124 நாள் பருவம் வைக்கலாம், கூடு கட்டும் உச்ச காலத்தில் கூடாது. அந்தப் பருவத்துக்குள் பொழுதுபோக்காகச் சுடலாம். இங்கிலாந்தில் பொழுதுபோக்கு ஒரு காரணமே ஆகாது. பயிரையோ ஆட்டுக்குட்டிகளையோ காப்பது போன்ற நோக்கம், அரசு எல்லோருக்கும் பொதுவாக வெளியிடும் 'பொது உரிமத்துக்குள்' அடங்க வேண்டும். 2019 ஏப்ரலில் ஒரு சட்டச் சவாலுக்குப் பிறகு அந்த உரிமங்களையே திரும்பப் பெற்று, புதிதாக எழுத வேண்டிவந்தது.

எதற்காகச் சுடுகிறாய் என்ற இங்கிலாந்தின் கேள்விதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் குழு 2006-இல் முகமூடி அணிந்து காக்கைகளைப் பிடித்து, பிறகு பறக்கவிட்டது. வருடங்கள் கழித்தும் அந்த முகமூடியைக் கண்டால் காக்கைகள் கத்தின, பிடிபடாதவைகூடச் சேர்ந்துகொண்டன. இதைப் படித்து உருகிப்போய்ச் சொல்லவில்லை. இவ்வளவு நினைவுள்ள பறவையை விரட்டச் சில வெடிகளே போதும், குவியலாகச் சுட்டுப் படம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்கிறேன். விதைத்த வயலுக்குச் சொந்தக்காரர் கூப்பிட்டால் போகிறேன், பயிர் நிமிர்ந்ததும் நிறுத்திவிடுகிறேன். இதைப் பாசாங்கு என்று இரண்டு கட்சிக்காரர்களுமே சொல்கிறார்கள். சொல்லட்டும்.

கை பழகக் காக்கை சுட வரட்டுமா என்று கேட்பவர்களைக் களிமண் தட்டு சுடும் களத்துக்கு அனுப்புகிறேன். 24 கிராம் தோட்டா போட்டால் அங்கே தோளும் வலிக்காது, பழைய பூட்டும் தளராது.