வேலைக்கும் வெளியே சுற்றவும் ஒரே தோல் பூட்ஸ்: நான்கு பெயர்களும் ஐந்தாவது வழியும்

நல்ல தோல் பூட்ஸ் ஒன்று வேண்டும் என்று தேடத் தொடங்குபவர் முன்னால் நான்கு பெயர்கள் மாறி மாறி வந்து நிற்கும்: இங்கிலாந்தின் டாக்டர் மார்ட்டென்ஸ் 1460, அமெரிக்காவின் ரெட் விங் அயர்ன் ரேஞ்சர், கிளார்க்ஸ் டெசர்ட் பூட், ஆஸ்திரேலியாவின் பிளண்ட்ஸ்டோன் 500. இவற்றைப் புகழ்ந்து எழுதுபவர்களில் பெரும்பாலோர் குளிர்நாட்டுக்காரர்கள். காலையில் அலுவலகம் போய், மாலையில் அதே காலணியோடு கடைத்தெருவுக்கும் நண்பர் வீட்டுக்கும் போகிற சென்னைக்காரருக்கோ மதுரைக்காரருக்கோ எது ஒத்துவரும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கில் எதுவும் நமக்கு அப்படியே பொருந்தாது. பிளண்ட்ஸ்டோனின் வடிவமும் ரெட் விங்கின் தையலும் ஒன்றுசேர்ந்த பூட்ஸ்தான் நமக்கு வேண்டும். அது நம் ஊரிலேயே தயாராகிறது.

மார்ட்டென்ஸ்: பெயர் பெரியது, தோல் முரட்டுத்தனமானது

1945-ல் பனிச்சறுக்கில் கணுக்காலில் அடிபட்ட கிளாஸ் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர், தன் வலி தீர யோசித்துச் செய்த காற்று அடைத்த சோல்தான் இதன் மூலம். இங்கிலாந்தின் வொல்லஸ்டன் ஊரைச் சேர்ந்த கிரிக்ஸ் குடும்பம் அதன் உரிமையை வாங்கி, 1960 ஏப்ரல் 1-ம் தேதி முதல் ஜோடியை வெளியிட்டது. அந்தத் தேதியே மாடலின் எண்ணாகிவிட்டது. தபால்காரர்களும் ஆலைத் தொழிலாளர்களும் போட்ட மலிவான வேலை பூட்ஸ், பிறகு இசைக்கலைஞர்களின் கால்களுக்குப் போய் நாகரிகச் சின்னமாக மாறியது. 2003-ல் உற்பத்தியின் பெரும்பகுதி ஆசியாவுக்கு நகர்ந்தது. வொல்லஸ்டனில் இன்றும் ஒரு சிறு பகுதி தயாராகிறது, கூடுதல் விலைக்கு.

அதன் வழக்கமான 'ஸ்மூத்' தோல், மேற்பரப்பில் பூச்சு ஏற்றப்பட்டது. மழைத்துளி நிற்காமல் உருண்டு ஓடும், துடைத்தால் பளபளக்கும். ஆனால் எண்ணெயோ கிரீமோ எளிதில் உள்ளே இறங்காது. அதனால் தோல் பழகுவதற்குள் குதிகாலில் கொப்புளம் வருவது இந்த மாடலைப் போட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. மஞ்சள் நூல் தையலைப் பார்த்து, சோலைப் பிரித்து மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிவிடாதீர்கள். தையல் உண்மைதான், ஆனால் அடிச்சோல் சூட்டில் உருக்கி ஒட்டப்பட்டது. தேய்ந்துவிட்டால் சாதாரணப் பழுதுக்காரரால் அதைக் கழற்றி வேறு போட முடியாது. தோற்றத்துக்காக வாங்குபவர் தாராளமாக வாங்கலாம். சட்டையை உள்ளே விட்டு அலுவலகம் போகிறவருக்கு நான் சொல்லமாட்டேன்.

ரெட் விங்: தையலுக்கு ஒரு வணக்கம்

மினசோட்டா மாநிலத்தில் ரெட் விங் என்ற ஊரிலேயே 1905-ல் தொடங்கிய நிறுவனம் இது. தோல் பதனிடும் ஆலையும் சொந்தமாக வைத்திருக்கிறது. அந்த மாநிலத்தின் இரும்புச் சுரங்கத் தொழிலாளர்களை நினைவூட்டும் அயர்ன் ரேஞ்சரின் முனையில் இரண்டு அடுக்குத் தோல் இருக்கும். நான்கிலும் கட்டுமானத்தில் இதுதான் முதல் இடம், காரணம் குட்இயர் வெல்ட்.

ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வல்கனைசிங் முறையைக் கண்டுபிடித்த சார்லஸ் குட்இயரின் மகன், தந்தையின் பெயரே கொண்டவர், 1870-களில் இந்தத் தையலுக்கான இயந்திரத்தை நிலைநிறுத்தினார். (டயர் கம்பெனி அந்தக் குடும்பத்துடையதல்ல. தந்தையின் நினைவாகப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது.) மேல்தோலின் விளிம்போடு ஒரு தோல் பட்டையைச் சேர்த்து முதலில் உட்சோலில் தைப்பார்கள். அந்தப் பட்டைதான் வெல்ட். பிறகு அடிச்சோலை அந்தப் பட்டையோடு தனியாகத் தைப்பார்கள். அடிச்சோல் தேய்ந்தால் அந்த ஒரு தையலை மட்டும் பிரித்தால் போதும், மேல்தோலைத் தொடவே வேண்டாம். இடையில் இருக்கும் கார்க் நிரப்பு, நாளடைவில் போடுபவரின் பாதத்துக்கு ஏற்ப அமுங்கி வடிவம் கொள்ளும். முதல் சில வாரங்கள் கல்லில் நடப்பது மாதிரி இருந்தாலும், பிறகு மெத்தென்ற ஸ்போர்ட்ஸ் ஷூவைவிட நாள் முழுக்க நிற்பதற்கு இதுவே சுகம்.

குறை என்ன? கனம், சூடு, விலை. அமெரிக்காவிலேயே 300 டாலருக்கு மேல் ஆகும். இறக்குமதி வரியையும் சேர்த்தால் கணக்கே வேறு. சித்திரை வெயிலில் இவ்வளவு தடித்த தோலுக்குள் காலை அடைத்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பெங்களூருவிலோ ஊட்டியிலோ இருப்பவர்கள் இந்தக் குறையை அடித்துவிடலாம்.

டெசர்ட் பூட்

இரண்டாம் உலகப்போரில் பர்மா களத்தில் இருந்த நேதன் கிளார்க், கெய்ரோ சந்தையிலிருந்து வந்த மென்தோல் பூட்ஸை சக அதிகாரிகளின் கால்களில் பார்த்து வடிவமைத்தது, 1950-ல் விற்பனைக்கு வந்தது. நான்கிலும் லேசானது, முதல் நாளே காலுக்கு இதமானது. ஆனால் அதன் கிரேப் சோல் இயற்கை ரப்பர். வெயிலில் இளகி, தெருவின் அழுக்கையெல்லாம் அள்ளிக்கொள்ளும், ஈரத்தரையில் வழுக்கும். வெல்வெட் போன்ற பரப்புள்ள ஸ்வேட் தோலை ஐப்பசி மழையில் நனைத்தால் கறை போகாது. தை, மாசியில் மாலை நடைக்கு அருமை. தினசரி வேலைக்கு வேண்டாம்.

பிளண்ட்ஸ்டோன்: கழற்றிப் போடுவதில் இருக்கிறது சூட்சுமம்

பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த பூட்ஸை 1851-ல் காப்புரிமை பெற்றவர் விக்டோரியா மகாராணியின் காலணிக்காரர் ஸ்பார்க்ஸ் ஹால். செல்சி பூட் என்று நாம் அழைப்பது அதைத்தான். டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் 1870-ல் தோன்றிய பிளண்ட்ஸ்டோன், அதைப் பண்ணை வேலைக்கும் நகரத்துக்கும் பொதுவாக்கியது.

வெளிநாட்டு ஒப்பீடுகளில் வராத ஒரு விஷயம் நமக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். நாம் ஒரு நாளில் எத்தனை வாசலில் காலணியைக் கழற்றுகிறோம்! வீடு, உறவினர் வீடு, கோயில், சில மருத்துவர்களின் அறை. எட்டுக் கண்களில் லேஸ் கோத்த 1460-ஐப் போட்டுக்கொண்டு கிருகப்பிரவேசத்துக்குப் போய்ப் பாருங்கள். பந்திக்குக் கூப்பிடும்போது நீங்கள் வாசலிலேயே குனிந்துகொண்டிருப்பீர்கள். செல்சி பூட்டை நின்றபடியே உருவிவிடலாம். லேஸும் முடிச்சும் இல்லாத அதன் முன்புறம், ஃபார்மல் பேண்ட்டின் கீழே சாதாரண ஷூ போலவே தெரியும், ஜீன்ஸுக்கும் பொருந்தும்.

ஆனால் பிளண்ட்ஸ்டோனின் சோல் பாலியூரிதேன், அச்சில் ஊற்றி மேல்தோலோடு பிணைத்தது. இந்த வகைப் பொருளுக்கு ஈரக்காற்று எமன். நீர் மூலக்கூறுகள் அதன் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைக்கும். போடாமல் அலமாரியில் பத்திரமாக வைத்தால் இன்னும் மோசம். சில வருடங்கள் கழித்து எடுக்கும்போது அடிப்பகுதி பிஸ்கெட் போல உதிரும். கடற்கரை ஊர்களில் இது விரைவாகவே நடக்கும். உதிர்ந்தால் மாற்றவும் வழியில்லை. மேல்தோல் புத்தம் புதிதாக இருக்க, பூட்ஸ் குப்பைக்குப் போகும்.

ஐந்தாவது வழி

ஆகவே செல்சி வடிவம், குட்இயர் வெல்ட் தையல், ரப்பர் அடிச்சோல். இந்த மூன்றும் சேர்ந்ததைத் தேடுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரம் உலகச் சந்தைக்குத் தோலும் காலணியும் அனுப்பும் ஊர்கள். அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இருக்கிறது. சென்னையின் பிரிட்லன் போன்றவர்கள் குட்இயர் வெல்ட் காலணிகளை இங்கேயே செய்து விற்கிறார்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகும்தான். ஒட்டுச்சோல் பூட்ஸ் மூன்றாயிரத்துக்குக் கிடைக்கிறதே என்றால், அது தேய்ந்ததும் முழுதாகத் தூக்கிப்போட வேண்டியது. இது அடிச்சோலை மாற்றி மாற்றிப் போட வேண்டியது. பக்கவாட்டு எலாஸ்டிக் தளர்ந்தால் அதையும் கைதேர்ந்த பழுதுக்காரர் மாற்றித் தருவார்.

உள்புறமும் தோலாகவே இருக்கட்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட உள்தோல் வியர்வையை உறிஞ்சும். செயற்கை உறை வைத்ததன் நாற்றத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

கடையில் ஏமாறாமலிருக்க இரண்டு சோதனைகள். விளிம்பில் தையல் தெரிந்தாலே வெல்ட் ஆகிவிடாது. தைத்த பட்டையை அலங்காரத்துக்கு ஒட்டிவிடுவதும் உண்டு. சோலைத் திருப்பி, அடியிலும் அதே தையல் ஓடுகிறதா, அல்லது தையலை உள்ளே மறைக்கச் சோலில் போட்ட கீறல் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு மேல்தோலைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். முழுமையான மேற்பரப்புள்ள தோலில் மெல்லிய சுருக்கங்கள் விரிந்து மறையும். தடித்த பூச்சு ஏற்றியதில் அப்படி விழாது. 'ஜெனுவைன் லெதர்' என்ற முத்திரை தோல் என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

வேலை என்பது கட்டடப் பணியோ ஆலையோ என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. ஐஎஸ் 15298 என்ற இந்தியத் தர முத்திரையும், 200 ஜூல் மோதலைத் தாங்கும் முனைக்கவசமும் உள்ள பாதுகாப்புக் காலணிதான் வேண்டும். அவற்றிலும் பாலியூரிதேன் சோல் அதிகம் என்பதால், பழைய இருப்பைத் தள்ளுபடியில் கொடுத்தால் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள்.

அளவு பார்க்கப் போவது மாலை நேரமாக இருக்கட்டும், பகல் முழுக்க நடந்த கால் அப்போது சற்றுப் பெருத்திருக்கும். சிறுவயதில் வெறுங்காலோடும் செருப்போடும் திரிந்த நம்மில் பலருக்கு விரல்கள் அகன்று விரிந்திருக்கும். கூர்முனை செல்சியைப் பார்த்து மயங்காமல் வட்ட முனையைக் கேளுங்கள். அயர்ன் ரேஞ்சரும் டெசர்ட் பூட்டும் வழக்கமான எண்ணைவிடப் பெரிதாகவே வரும், மார்ட்டென்ஸில் அரை அளவு பொதுவாகக் கிடைக்காது. செல்சியில் மேல்பாதம் சற்று இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், நடக்கும்போது குதிகால் இலேசாக எழும்பலாம். தோல் தளரும்போது அது அடங்கிவிடும். விரல் நுனி இடித்தால் மட்டும், விற்பனையாளர் என்ன சொன்னாலும், அடுத்த எண்ணை எடுத்து வரச் சொல்லுங்கள்.