ஐப்பசி மழைக்கு முன் ஒரு கொள்முதல்: 900 விஏ இன்வெர்ட்டரும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியும்

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள், தென்மாவட்டங்களில் கொட்டத் தொடங்கிய மழை காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டராகப் பதிவானது. தாமிரபரணி கரை புரண்டது. துணை மின்நிலையங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பி வரப் பல நாட்கள் ஆயின. அதுவரை எங்கள் பக்கத்தில் இன்வெர்ட்டர் என்பது கோடையில் ஓரிரு மணி நேர மின்தடையைச் சமாளிக்கும் சாதனமாகவே கருதப்பட்டது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வாங்கிய 900 விஏ சைன் வேவ் இன்வெர்ட்டரையும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியையும், நாள்கணக்கில் நீளும் மின்தடைக்கு எந்த அளவு தாங்கும் என்ற ஒரே கோணத்தில் இங்கே மதிப்பிடுகிறேன். விஏ என்பது இன்வெர்ட்டர் ஒரே நேரத்தில் தாங்கும் சுமையின் அளவு; ஏஎச் (ஆம்பியர் மணி) என்பது பேட்டரியின் கொள்ளளவு; டியூபுலர் என்பது அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டிய ஈய-அமில பேட்டரி வகை. பெயர் பெற்ற எல்லா நிறுவனங்களும் இதே அளவுகளில் விற்பதாலும், வேறுபாடு பெரும்பாலும் வாரண்டியிலும் சர்வீஸிலுமே இருப்பதாலும், நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் கணக்கு. 12 வோல்ட் பேட்டரியில் 150 ஏஎச் என்றால் ஏட்டளவில் 1,800 வாட் மணி. இன்வெர்ட்டரில் வீணாவதையும், பேட்டரி முற்றிலும் வடிவதற்கு முன்பே இன்வெர்ட்டர் நின்றுவிடுவதையும் கழித்தால், கைக்கு வருவது 1,200 வாட் மணி அளவில்தான் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். இரண்டு ஃபேன், நான்கு எல்.இ.டி. பல்பு, வைஃபை ரூட்டர் என்று ஓடவிட்டால் ஏறத்தாழ 200 வாட்; ஆறு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். அதே இரண்டு ஃபேனையும் 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. (மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள) ஃபேனாக மாற்றி, பல்பு இரண்டோடு நிறுத்திக்கொண்டால் மொத்தம் 90 வாட்டுக்குள் அடங்குகிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது. ஆகவே பெரிய பேட்டரிக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைக்கும் பணத்தை ஃபேனில் போடுவதே என் பரிந்துரை. மழை இரவில் ஒரு ஃபேனும் ஒரு பல்பும், பகலில் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் நேரம் மட்டும் என்று சிக்கனமாக நடத்தி, தேவையில்லாத நேரத்தில் இன்வெர்ட்டரின் முன்பக்கச் சுவிட்சையே அணைத்து வைத்தால் (சும்மா இருக்கும்போதும் அது பத்துப் பதினைந்து வாட் தின்னும்) இரண்டு, மூன்று நாட்களைக் கடத்திவிடலாம். மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எதையும் இதில் மாட்டக் கூடாது. வானிலை எச்சரிக்கை வந்த அன்றே மாடித் தொட்டியை நிரப்பிக்கொள்வதற்கு ஈடான ஏற்பாடு எந்த இன்வெர்ட்டரிலும் இல்லை.

மின்வாரிய மின்சாரத்தைப் போலவே சீரான அலையாகத் தரும் சைன் வேவ் வகைக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தது வீண்போகவில்லை. அலை சீராக இல்லாத, விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும் ஃபேன் இரவெல்லாம் உறுமும். உறக்கம் லேசாக உள்ள முதியவர்கள் இருக்கும் வீட்டில் அது பெரிய தொல்லை.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, பொருளைவிட அதைப் பொருத்தும் முறையைப் பற்றி. நம் ஊர்க் கடைக்காரர்கள் பேட்டரியை மாடிப்படிக்கு அடியில், தரையில், சக்கரம் வைத்த தட்டில் வைப்பதையே வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள். வெள்ளம் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் மூழ்குவது அந்த இடம்தான். எங்கள் வீட்டில் இடுப்பளவு உயரத்தில் கடப்பாக்கல் பலகை அமைத்து அதன்மேல் ஏற்ற வேண்டும் என்றபோது, பொருத்த வந்தவர், "அண்ணாச்சி, மேல ஏத்திட்டா தண்ணி ஊத்த சங்கடமா இருக்கும்லா" என்றார். ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள பேட்டரியைத் தூக்கி வைப்பது சிரமம் என்பதும், மேலே ஓரடியாவது இடைவெளி இல்லாவிட்டால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற முடியாது என்பதும் உண்மையே. ஆனால் அந்த வேலை சில மாதங்களுக்கு ஒருமுறைதான். பேட்டரியின் ஆறு மூடிகளிலும் உள்ள சிறு மிதவைக் குச்சி சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் தண்ணீர் ஊற்ற வேண்டும், பச்சைக் கோட்டைத் தாண்ட விடக்கூடாது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால் போதும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறுவதால், காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவது மட்டும் ஒருபோதும் கூடாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வெள்ளம் வந்ததும் மின்வாரியம் இணைப்பைத் துண்டித்துவிடும். நாமும் மெயினை ஆஃப் செய்துவிட்டு வீட்டில் மின்சாரமே இல்லை என்று நம்பிவிடுவோம். ஆனால் இன்வெர்ட்டர் லைனில் அப்போதும் 230 வோல்ட் இருக்கும். முழங்கால் உயரத்துப் பிளக் பாயின்ட் ஒன்று அந்த லைனில் இருந்து, அது தண்ணீரில் மூழ்கினால் உயிருக்கே ஆபத்து. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டருக்குத் தனி லைன் இழுத்து, சீலிங் ஃபேன், மேல் பல்புகள், நெஞ்சளவு உயரத்தில் ஒரே ஒரு பிளக் ஆகியவற்றோடு நிறுத்தச் சொன்னோம். வயரிங் செலவு கூடியது. அந்தச் செலவில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது என்பேன். தண்ணீர் வாசலைத் தொடும்போதே இன்வெர்ட்டர் சுவிட்சையும் அணைக்க வேண்டும் என்பதை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

புயலுக்குப் பின் மின்சாரம் திரும்பும்போது வோல்டேஜ் தாழ்ந்தும் உயர்ந்தும் தள்ளாடும். பின்பக்கத்தில் உள்ள சிறு சுவிட்ச் யு.பி.எஸ். நிலையில் இருந்தால், வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்கும் போதெல்லாம் கருவி பேட்டரிக்குத் தாவிவிடும். மின்சாரம் இருந்தும் சார்ஜ் ஏறாது. அதை இன்வெர்ட்டர் நிலைக்கு மாற்றினால் தாழ்ந்த வோல்டேஜிலும் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. வடிந்த பேட்டரி முழுமையாக ஏற 10 முதல் 12 மணி நேரம் ஆகும் என்பதால், இந்த ஒரு சுவிட்சு அடுத்த இரவைத் தீர்மானிக்கிறது. கடையில் யாரும் இதை விளக்குவதில்லை என்பது பெரும் குறை. பேட்டரியில் எவ்வளவு மீதம் என்று எண்ணில் காட்டாமல், தீரும் தறுவாயில் கத்த மட்டுமே செய்வது கருவியின் குறை.

கூரையில் சோலார் வைத்தவர்கள் இதெல்லாம் தங்களுக்கு வேண்டாம் என்று எண்ணுகிறார்கள். 2024-இல் தொடங்கிய மத்திய அரசின் சூர்ய கர் கூரைச் சோலார் திட்டத்தில் பெரும்பாலும் பொருத்தப்படும், மின்வாரிய இணைப்போடு சேர்ந்தே ஓடும் ஆன்-கிரிட் அமைப்பு, கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் பாதுகாப்புக்காக, மின்வாரிய இணைப்பு போனதும் தானாகவே நின்றுவிடும். பேட்டரியுடன் கூடிய ஹைப்ரிட் வகைதான் மின்தடையில் ஓடும். லித்தியம் பேட்டரி எடை குறைவு, தண்ணீர் ஊற்ற வேண்டாம், உயரத்தில் மாட்டுவதும் எளிது. விலை மட்டுமே தடை. வசதி உள்ளவர்கள் அதையே வாங்கலாம்.

பேட்டரியும் இன்வெர்ட்டரும் சேர்ந்து 20,000 ரூபாயை ஒட்டி வருகின்றன. பழைய பேட்டரியைக் கொடுத்தால் சிறிது குறைப்பார்கள். அவ்வளவு இயலாத வீட்டுக்கு, சார்ஜ் ஏறி மூன்று, நான்கு மணி நேரம் எரியும் ரீசார்ஜபிள் எல்.இ.டி. பல்பு நான்கும் நல்ல பவர் பேங்க் ஒன்றும் முதல் இரவுக்குப் போதுமானவை. வாங்குபவர்கள் ஐப்பசி பிறப்பதற்குள் வாங்கிவிடுவது நல்லது. எச்சரிக்கை வந்த பிறகு பொருத்த ஆள் கிடைக்காது. பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தைப் பார்த்து, கடையில் நெடுநாள் கிடந்ததாக இருந்தால் வேறு கேட்டு வாங்குங்கள். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் விழுந்திருக்கிறதா என்பதை அங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.