பத்தமடைப் பட்டுப்பாய் 499 ரூபாயா? போனில் வரும் கல்யாண விளம்பரத்தை நம்பாதீர்கள்

முகூர்த்த மாதம் நெருங்கினால் நெல்லைப் பக்கத்து பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் இந்த விளம்பரம் தலைகாட்டிவிடுகிறது. மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைப் பட்டுப்பாய், விலை 499, பார்சல் கைக்கு வந்தபின் பணம் கொடுத்தால் போதும், 3 நாளில் வீட்டு வாசலில். வீடியோவில் தறியும் உண்டு, ஆறும் உண்டு, பின்னணியில் நாகஸ்வரமும் உண்டு. பார்சலைப் பிரித்தால் உள்ளே கோலம் அச்சடித்த பிளாஸ்டிக் பாய். பெயரும் இல்லை, அனுப்பியவர் முகவரியும் சரியாக இல்லை. பத்தமடைக்கு ஒரு பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிற வீடுகளே இதில் ஏமாந்திருப்பதுதான் வயிற்றெரிச்சல்.

முதலில் விலையைப் பாருங்கள். பட்டுப்பாய்க்குக் கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிரிழை போலக் கீறி எடுக்க வேண்டும். அதற்குச் சாயம் ஏற்றி, கைத்தறியில் ஒவ்வொரு இழையாகக் கொடுத்து நெய்ய வேண்டும். ஒரு பாய்க்கு வாரக்கணக்கில் கை வேலை இருக்கிறது. பெயர் போட்டு நெய்வதென்றால், பெயரைச் சொன்ன பிறகுதான் தறியில் வேலையே தொடங்கும். அப்படியிருக்க 3 நாளில் எங்கிருந்து வரும்? அசல் பட்டுப்பாய் ஆயிரக்கணக்கில்தான் விலை போகும். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் பிசிறிய ஓர் இழையைப் பிய்த்து நெருப்பில் காட்டுங்கள். கோரை எரிந்து சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகி, நுனியில் மணி போலத் திரண்டுவிடும்.

‘எங்கள் வீட்டில் கல்யாணம் என்று இவனுக்கு எப்படித் தெரிந்தது, போன் ஒட்டுக்கேட்கிறதா’ என்று பலர் கேட்கிறார்கள். ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே இல்லை. விளம்பரம் போடுகிறவர் வரைபடத்தில் பத்தமடைக்குப் பக்கத்து ஊரான சேரன்மகாதேவி மேல் ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி 1 மைலிலிருந்து 50 மைல் வரை வட்டம் போட்டுக்கொள்ளலாம். வயது, மொழி, ஆர்வம் எல்லாவற்றையும் அவரே தேர்ந்தெடுக்கலாம். நீங்கள் கல்யாணப் பத்திரிகை மாடல் பார்த்த தளத்திலோ, புடவை பார்த்த தளத்திலோ ‘பிக்சல்’ என்ற சிறு நிரல் இருந்தால், நீங்கள் வந்துபோன செய்தி பேஸ்புக்குக்குப் போகும். அந்தத் தளத்துக்காரர் 180 நாள் வரை உங்களைத் தேடிவந்து விளம்பரம் காட்டலாம். கடை வாசலில் லக்கி டிரா கூப்பனில் எழுதிக்கொடுக்கிற செல் நம்பரும் இப்படித்தான். அந்த நம்பர்களைப் பட்டியலாக ஏற்றினால், அதே நம்பரில் கணக்கு வைத்திருப்பவர்களை பேஸ்புக் பொருத்திக் கொடுத்துவிடும்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு வீடியோவை 3 விநாடி பார்த்தவர்களை மட்டும் தனிப் பட்டியலாக எடுத்து, ஒரு வருடம் வரை வைத்துக்கொள்ள விளம்பரதாரருக்கு வசதி உண்டு. பாய் வீடியோவை ‘சும்மா என்னதான் என்று’ நின்று பார்த்தாலே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுவீர்கள். பிறகு அதே பாய், அடுத்து வெண்கலக் குத்துவிளக்கு, அடுத்து கருப்பட்டி என்று வந்துகொண்டே இருக்கும். ஊர்ப் பெயர் சொல்லி வருகிற விளம்பரம் ஊரிலிருந்துதான் வருகிறது என்ற நினைப்பே இவர்களுக்கு மூலதனம்.

ஆர்டர் போடுமுன் 5 நிமிடம் ஒதுக்குங்கள். விளம்பரம் போட்ட பக்கத்தின் பெயரைத் தொட்டு, அறிமுகப் பகுதியில் ‘பக்க வெளிப்படைத்தன்மை’யைத் திறந்தால், பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்று காட்டும். நடத்துபவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதும் பல பக்கங்களில் தெரியும். போன மாதம் முளைத்த பக்கம் ‘மூன்று தலைமுறை நெசவாளர்’ என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடுத்து, பேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பர நூலகம் (Ad Library). அங்கே ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்களைத் தேடிப் பார்க்கலாம். கணக்கு இல்லாமலே யாரும் திறக்கலாம். நாடு இந்தியா, எல்லா விளம்பரங்களும் என்று வைத்து, ‘பத்தமடை பாய்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள். ஒரே வீடியோ வேறு வேறு பக்கப் பெயர்களில் ஓடினால் மோசடி என்று வைத்துக்கொள்ளலாம்.

தளத்துக்குள் போனால், ‘சலுகை முடிய இன்னும் 9 நிமிடம்’ என்று கடிகாரம் ஓடும். பக்கத்தை மறுபடி ஏற்றிப் பாருங்கள், கடிகாரம் முதலிலிருந்து ஓடத் தொடங்கினால் அது பொய்க் கடிகாரம். 2020 மின்வணிக விதிகளின்படி ஆன்லைனில் விற்பவர் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் கொடுத்தே ஆக வேண்டும். வெறும் இமெயில் படிவம் மட்டும் இருந்தால் விலகிவிடுங்கள். ஜிஎஸ்டி எண் கொடுத்திருந்தால் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து 15 இடம் இருக்கும், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அதைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும். சிறு நெசவாளருக்கு ஜிஎஸ்டி இல்லாமல் இருக்கலாம், அது குற்றமில்லை. ஆனால் அவர் தன் ஊரையும் போன் நம்பரையும் மறைக்க மாட்டார்.

பார்சல் வந்துவிட்டதா? ஆர்டர் போடாத பார்சல் என்றால் வீட்டில் வயதானவர்கள் பணம் கொடுத்து வாங்கிவிடாமல் முன்பே சொல்லிவையுங்கள். போட்டது என்றால், லேபிளில் உள்ள கண்காணிப்பு எண் தெரியும்படி காட்டி, பிரிப்பதை ஒரே வீடியோவாக, நடுவில் நிறுத்தாமல் எடுங்கள். பொருள் மாறியிருந்தால் அன்றைக்கே கூரியர் நிறுவனத்துக்குப் புகார் அனுப்புங்கள். நீங்கள் கொடுத்த பணம் பெரும்பாலும் சில நாள் கழித்துத்தான் விற்றவர் கைக்குப் போகும், அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கிற வாய்ப்பு. கொண்டுவந்த தம்பியோடு சண்டை போட்டுப் பயனில்லை, அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

499 போனதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அடுத்த பள்ளம் ‘ரீஃபண்ட்’. கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடிக் கூப்பிட்டால், எதிரில் பேசுபவர் திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொல்வார், அல்லது வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு (தொட்டால் போனில் செயலியை ஏற்றும் கோப்பு) அனுப்புவார், இல்லையென்றால் யுபிஐ ரகசிய எண்ணை (PIN) போடச் சொல்வார். பணம் வாங்குவதற்கு அந்த ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, அதைப் போட்டால் உங்கள் பணம்தான் போகும். அப்படிப் போய்விட்டால் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை மறிக்க வழி உண்டு. பொருள் மாறிய புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை.

விளம்பரத் தொல்லையைக் குறைக்க, பேஸ்புக் அமைப்புகளில் கணக்கு மையத்துக்குப் போய் விளம்பர விருப்பங்களைத் திறந்து, விளம்பரக் கூட்டாளிகள் தரும் செயல்பாட்டுத் தகவலைப் பயன்படுத்த வேண்டாம் என்று வையுங்கள். அதே மையத்தில், மெட்டாவுக்கு வெளியே நடந்த உங்கள் செயல்பாட்டை அழித்து, இனி வருவதையும் துண்டிக்கலாம். ஆண்ட்ராய்டில் அமைப்புகள், கூகுள், விளம்பரங்கள் என்று போய் விளம்பர அடையாள எண்ணை நீக்குங்கள். ஐபோனில் தனியுரிமைப் பகுதியில் ‘டிராக்கிங்’ கோரிக்கையை அணைத்துவிடுங்கள். விளம்பரத்தின் எண்ணிக்கை இதனால் குறையாது, உங்களைக் குறிபார்த்து வருவதுதான் குறையும்.

பாய் விளம்பரம் மறுபடி வந்தால் ஓட்டிவிட்டுப் போகாமல், மூன்று புள்ளியைத் தொட்டு மோசடி என்று புகார் கொடுங்கள். விளம்பர நூலகத்தில் அதே வீடியோ ஓடுகிற மற்றப் பக்கங்களுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். ஒன்றை மட்டும் முடக்கினால் இன்னொன்றிலிருந்து மறுநாளே ஆர்டர் பிடிப்பார்கள்.